கொல்ஃப் சுவிங் பிளேன் பிழைச்சா எப்பிடித் திருத்திறது: வன்னியில வளவுக்குள்ள நிண்டு பழகிற ஆக்களுக்கு

வன்னியில கொல்ஃப் கோர்ஸ் எண்டு ஒண்டும் இல்லை. வெளியில பாத்தா திருகோணமலை சீனக்குடாவில விமானப்படை நடத்திற கோர்ஸ் இருக்கு, மற்றப் பேர்போன கோர்ஸ் எல்லாம் கொழும்பு, கண்டிக்கு அங்கால திகன, நுவரெலியா மாதிரித் தூர இடங்களில. ஆனா கிளப், அதாவது பந்தடிக்கிற கோல், இருக்கு. லண்டனில இருந்தும் டொரொண்டோவில இருந்தும் லீவில வாற சித்தப்பாமார் மாமாமார் விட்டிட்டுப் போன ஏழாம் நம்பர் அயன் எண்ட இரும்புத் தலைக் கிளப்பும், ட்ரைவர் எண்ட தூர அடிக்கிற பழைய நீளக் கிளப்பும் இப்ப கன வீட்டில அறை மூலையில சாத்திக் கிடக்கு. அதை எடுத்துக்கொண்டு வளவுக்குள்ள நிண்டு அடிச்சுப் பாக்கிற பெடி பெட்டையளுக்குத்தான் இதை எழுதிறன். அடிக்கிற பந்தெல்லாம் வலப்பக்கம் வளைஞ்சு போகுது, இல்லாட்டி இடப்பக்கமா இழுத்துக்கொண்டு போகுது, கிளப்பை மாத்தினாலும் அதே கதைதான் எண்டால் பெரும்பாலும் சுவிங் பிளேனில, அதாவது வீசேக்க கிளப் உங்களைச் சுத்தி வாற சரிவில, பிரச்சினை இருக்கு. அதைத் திருத்த கோர்ஸ் தேவையில்லை. கோச் ஒராள் பக்கத்தில நிண்டா நல்லம்தான், ஆனா இல்லாட்டியும் ஒரு போன், ரெண்டு அரை இஞ்சி பிவிசி பைப், ஒரு தேங்காய்ப் பொச்சு, இவ்வளவும் காணும்.

முதல் பிளேன் எண்டால் என்னெண்டு விளங்கவேணும். சைக்கிள் சில்லைக் கழட்டிச் சுவரில சரிவாச் சாத்தினா எப்பிடி நிக்கும், அந்தச் சரிவிலதான் கிளப்பின்ர தலை உங்களைச் சுத்தி வருது, சில்லு நிலத்தில முட்டுற இடத்தில பந்து இருக்கு. அந்தச் சரிவு எல்லாக் கிளப்புக்கும் ஒண்டில்லை. ட்ரைவர் 45 இஞ்சிக்குக் கிட்ட நீளம், அதால நீங்கள் பந்தில இருந்து தள்ளி நிப்பீங்கள், தண்டு நிலத்தோட 56 இல இருந்து 60 பாகைக்குள்ள சாய்ஞ்சு நிக்கும். ஏழாம் நம்பர் அயன் 37 இஞ்சி அளவு, 62, 63 பாகை வரும், கிட்டத் தூரத்துக்கு உயரத் தூக்கி அடிக்கிற வெட்ஜ் இன்னும் கட்டை, 64க்குக் கிட்ட. அப்ப ட்ரைவர் சுவிங் கொஞ்சம் படுத்த மாதிரியும் வெட்ஜ் சுவிங் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரியும் தெரியிறது பிழை இல்லை, அது அப்பிடித்தான் இருக்கவேணும். புதுசாப் பழகிற கனபேர் ஒரு கிளப்பின்ர வீடியோவைப் பாத்து மற்றக் கிளப்பைத் திருத்தப் போய்க் குழம்புறது இதாலதான்.

இன்னொண்டையும் மனசில வச்சிருங்கோ. கிளப் மேல போற வழி வடிவா இருக்கவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. ஜிம் ஃபியூரிக் எண்ட அமெரிக்கர் கிளப்பை வெளிப்பக்கமா உயரத் தூக்கி, பிறகு ஒரு வளையம் போட்டுத்தான் கீழ கொண்டு வருவார், பாக்க ஒரு மாதிரித்தான் இருக்கும், ஆனா அவர் 2003இல யூ.எஸ். ஓப்பன் வெண்டவர், 2016இல ஒரு ரவுண்டை, அதாவது பதினெட்டுக் குழியையும், 58 அடியில முடிச்சவர். ஏன் எண்டால் பந்துக்கு வரேக்க அவற்ற கிளப் சரியான சரிவில வந்திடுது. அதால உங்கட கவனம் முழுக்க இடுப்பு உயரத்தில இருந்து பந்து வரைக்கும் கீழ வாற அந்தத் துண்டிலதான் இருக்கவேணும். மேல போறதை நாங்கள் திருத்திறது அந்தத் துண்டு சுகமா வரட்டும் எண்டதுக்காக மட்டும்தான்.

இடத்தைப் பற்றி ஒரு சொல்லு, இதைப் பாய்ஞ்சு வாசிக்காதேங்கோ. காலபோக வெட்டு முடிஞ்சு சிறுபோகம் விதைக்காத வயல் எண்டால் அருமையான இடம், காணிக்காரரைக் கேட்டிட்டு இறங்குங்கோ, மாடு மேயுதோ பிள்ளையள் நிக்குதோ எண்டு பாருங்கோ. 45 கிராம் சொச்சம்தான் பந்து, ஆனா தலையில பட்டா ஆளை விழுத்திப்போடும். பந்து தேடிக்கொண்டு ஆள் புழங்காத பத்தைக்குள்ள மட்டும் போகவே கூடாது. 2009க்குப் பிறகு எவ்வளவோ காணி துப்புரவாக்கிக் குடுத்தாச்சு, எண்டாலும் முகமாலைப் பக்கம் மாதிரி மிதிவெடி புதைஞ்சு கிடந்த இடங்கள் வன்னியில கனக்க. சிவப்புப் போட் கண்டாலும் சரி, போட் இல்லாமல் ஊர்ச்சனம் போகாத காடு எண்டாலும் சரி, அந்தப் பந்து போனது போனதுதான், விட்டிடுங்கோ. வளவுக்குள்ள அடிக்கிறதெண்டால் பழைய மீன்பிடி வலை ஒண்டை முல்லைத்தீவுப் பக்கம் ஆரிட்டையும் வாங்கி ரெண்டு மடிப்பா மரத்துக்கு மரம் தொங்கவிடுங்கோ. வலைக் கண் 4 சென்ரிமீற்றருக்குச் சிறுசா இருக்கவேணும், பந்து அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. இறுக்கிக் கட்டாதேங்கோ, இறுக்கினா பந்து திரும்பி உங்களிட்டையே வரும். கோடையில நிலம் இறுகிப்போடும், அதில அயனால நேர அடிச்சா மணிக்கட்டு நோகும், ஒரு பழைய தும்புக் கால்மிதியைப் போட்டு அதுக்கு மேல பந்தை வையுங்கோ.

இப்ப உங்கட பிழை என்னெண்டு கண்டுபிடிக்கிற வேலை. இதைச் செய்யாமல் நேர ட்ரில்லுக்கு, அதாவது திருத்திற பயிற்சிக்கு, போனா, இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடிக்கிற வேலையாப் போயிடும். வலங்கைக்காரருக்குத்தான் எழுதிறன், இடங்கை எண்டால் எல்லாத்தையும் மாத்தி எடுங்கோ. பந்து எங்க வெளிக்கிடுது, பிறகு எங்கால வளையுது எண்ட ரெண்டையும் தனித்தனியாப் பாக்கவேணும். வெளிக்கிடுற திசையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது கிளப் ஃபேஸ், அதாவது பந்தில படுற முகப்பு, அயனில முக்கால்வாசி, ட்ரைவரில 85 வீதத்துக்குக் கிட்ட ஃபேஸ் பாத்த பக்கம்தான் பந்து வெளிக்கிடும். கிளப் போற வழிக்கும் ஃபேஸ் பாக்கிற பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு. பழைய ஆக்கள் இதைத் தலைகீழாச் சொல்லித் தந்தவை, பந்து பறக்கிறதை அளக்கிற ரேடார் மெசின் வந்த பிறகுதான் இது தெளிவாச்சு, அதால இப்பவும் பழைய முறையில சொல்லித்தாறவையிட்டக் கேட்டுக் குழம்பாதேங்கோ.

அப்ப பந்து இடப்பக்கம் வெளிக்கிட்டு நேர இடப்பக்கமாவே போகுதெண்டால் கிளப் வெளியால இருந்து உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வருது, ஃபேஸும் அதே வழியைப் பாக்குது. இடப்பக்கமோ நேராவோ வெளிக்கிட்டு வலப்பக்கம் வளைஞ்சு விழுந்தா அது ஸ்லைஸ், வழி அதேதான், ஃபேஸ் மட்டும் அந்த வழிக்குத் திறந்து கிடக்கு. இந்த ரெண்டும் ஒரே வருத்தம், கிளப் பிளேனுக்கு மேலால வருது, ஓவர் த டொப் எண்டு சொல்லுறது இதைத்தான். மற்றப் பக்கம், பந்து வலப்பக்கம் வெளிக்கிட்டு நேர வலப்பக்கமே போறது, இல்லாட்டி வலப்பக்கம் போய்ச் சடாரெண்டு இடப்பக்கம் ஹூக் ஆகிறது, இடையிடை பந்துக்குப் பின்னால நிலத்தைக் கொத்துறது, இதெல்லாம் கிளப் பிளேனுக்குக் கீழால, உள்ளுக்கால கனக்க வாறதின்ர அடையாளம். புதுசாப் பழகிற பத்துப் பேரை நிப்பாட்டினா பெரும்பான்மை முதல் சொன்ன ஆக்கள்தான், அதால அதைத்தான் நானும் கூடச் சொல்லப்போறன்.

ஆனா ட்ரைவரில ஒரு விஷயம் ஏமாத்தும். பந்து ஃபேஸின்ர குதிப்பக்கம், அதாவது தண்டோட சேருற பக்கம், பட்டாலும் வலப்பக்கம் வளையும், நுனிப்பக்கம் பட்டா இடப்பக்கம் வளையும், பிளேன் சரியா இருந்தாலும்கூட. அதால முகப்பவுடர் கொஞ்சம் ஃபேஸில தடவிப்போட்டு நாலஞ்சு பந்து அடிச்சு, எங்க அச்சு விழுகுதெண்டு பாருங்கோ. நடுவில படாட்டி முதல் நிக்கிற தூரத்தைத் திருத்துங்கோ. காத்தும் ஏமாத்தும், வைகாசி தொடங்கிச் சோளகம் வீசுற மாதங்களில பின்னேரத்தில அடிச்சிட்டு ஸ்லைஸ் எண்டு முடிவெடுக்காமல் விடியக் காத்து விழுந்திருக்கிற நேரத்தில பாருங்கோ.

வீடியோ எடுக்கிற முறை முக்கியம். போனை உங்களுக்குப் பின்னால, குறிவைக்கிற திசைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில, உங்கட கை உயரத்துக்கு வையுங்கோ. லென்ஸ் உங்கட கைக்கு நேர இருக்கவேணும், பாதத்துக்கு நேரயும் இல்லை, பந்துக்கு நேரயும் இல்லை. நிலத்தில ஒரு பைப்பைக் குறிக்கு நேராப் போட்டு அதுக்கு ஒத்தபடி போனைத் திருப்பினா சுகம். கதிரைக்கு மேல செங்கல்லு வச்சு அதில சாத்தினாக் காணும், ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை. ஸ்லோ மோஷனில எடுங்கோ. போன் கொஞ்சம் அங்கால இங்கால விலகினாலும் நல்ல சுவிங் பிழையாத் தெரியும், பிழையானது நல்லதாத் தெரியும், எத்தினையோ பேர் இல்லாத பிழையைத் திருத்தி உள்ளதையும் கெடுக்கிறது இந்த இடத்திலதான்.

சரி, இப்ப திருத்தத் தொடங்குவம். முதல் கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கிற முறை. சுவிங் பிளேனுக்கும் கிரிப்புக்கும் என்ன சம்பந்தம் எண்டு நினைப்பீங்கள், ஆனா ஓவர் த டொப்புக்கு வேரே கனபேருக்கு அங்கதான் கிடக்கு. இடக்கை கனக்க இடப்பக்கம் திரும்பிப் பிடிச்சா ஃபேஸ் திறந்து வரும், பந்து வலப்பக்கம் போகும், போனதைக் கண்ட மனம் அடுத்த அடியை இடப்பக்கமா இழுத்து அடிக்கச் சொல்லும், இழுக்க இழுக்க வளைவு கூடும். நீங்கள் பிளேனைத்தான் திருத்திறன் எண்டு நாள் முழுக்க நிண்டாலும் ஃபேஸ் திறந்து கிடக்கிற வரைக்கும் கை பழைய வழிக்குத்தான் போகும். அதால கிளப்பை இடக்கை விரலடியில படுக்க வச்சு மூடுங்கோ, மேல இருந்து பாக்கேக்க இடக்கையில ரெண்டு, ரெண்டரை மொளி தெரியவேணும், ரெண்டு கையிலயும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில வாற கோடு வலத்தோளைப் பாக்கவேணும். முதல் ரெண்டு மூண்டு நாள் கைக்குப் பிடிக்காது. விடாதேங்கோ.

பிறகு நிக்கிற நிலை. முழங்காலை மடிச்சுக் கதிரையில இருக்கிற மாதிரி நிக்காமல் இடுப்பில இருந்து முன்னுக்குக் குனியுங்கோ, கை தோளுக்கு நேர கீழ தொங்கட்டும், கிளப் பிடிக்கும் துடைக்கும் இடையில ஒரு பொத்தின கை போற இடம் இருந்தாக் காணும். நிமிர்ந்து நிண்டா சுவிங் படுத்துப் போகும், கனக்கக் குனிஞ்சா செங்குத்தாப் போகும். பைப் ஒண்டைப் பாதத்துக்கு முன்னால குறிக்குச் சமாந்தரமாப் போட்டு பாதம், இடுப்பு, தோள் மூண்டும் அதோட ஒத்து நிக்குதோ எண்டு ஆரையும் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. தோள் இடப்பக்கம் திறந்து நிக்கிறது கனபேரிட்ட இருக்கிற பிழை, பந்தை இடக்காலுக்கு அங்கால தள்ளி வச்சிட்டு எட்டிப் பாக்கேக்கதான் அப்பிடித் திறக்கும். அயனுக்குப் பந்து நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம், ட்ரைவருக்கு இடக் குதிக்கு நேர.

அடுத்தது பின்னுக்கு எடுக்கிறது. கிளப் இடுப்பு உயரத்துக்கு வந்து தண்டு நிலத்துக்குச் சமாந்தரமா இருக்கேக்க நிப்பாட்டிப் பாருங்கோ, தண்டு குறிக்கோட்டுக்கும் சமாந்தரமா இருக்கவேணும், பின்னால வச்ச போனில பாத்தா கிளப்பின்ர தலை கையை மறைச்சுக்கொண்டு நிக்கவேணும். தலை கைக்குப் பின்னால, உங்கட முதுகுப் பக்கம் போயிட்டுதெண்டால் உள்ளுக்கு இழுத்திட்டீங்கள். இப்பிடி இழுக்கிற ஆக்கள் கீழ வரேக்க இடம் காணாமல் வெளியால சுத்தித்தான் வருவினம், அதுவும் ஓவர் த டொப்பாத்தான் முடியும். இதுக்கு மதில்தான் மருந்து. மதிலுக்கு முதுகைக் காட்டி, குதிக்கும் மதிலுக்கும் ஒரு அடி இடைவெளி விட்டு நிண்டு, ஆறுதலா இடுப்பு உயரம் வரைக்கும் எடுங்கோ, கிளப் மதிலில முட்டக் கூடாது. கிளப் பழுதாப் போகுமெண்டால் ஒரு கம்பால செய்யுங்கோ.

இன்னும் மேல போய் இடக்கை நிலத்துக்குச் சமாந்தரமா வாற இடத்தில இன்னொரு சோதினை இருக்கு. ராவில சின்ன டோச் லைற் ஒண்டைக் கிளப்பின்ர பிடி நுனியில ரேப்பால ஒட்டி, பந்து இருக்கிற கோட்டில ஒரு கயிறு போடுங்கோ. அந்த இடத்தில நிப்பாட்டேக்க வெளிச்சம் கயிறுக்குக் கிட்ட விழுந்தா பிளேன் நல்லம். உங்கட பாதத்துக்குக் கிட்ட விழுந்தா கிளப் செங்குத்து, கயிறைத் தாண்டி அங்கால விழுந்தா படுத்துப் போச்சு. விறாந்தையிலயே செய்யலாம், பந்து ஒண்டும் தேவையில்லை, கண்ணால காணுறதால கெதியாப் பிடிபடும், எனக்குத் தெரிஞ்ச சோதினையளுக்குள்ள இதுதான் எனக்கு விருப்பமானது.

இனித்தான் பெரிய விஷயம். மேல இருந்து கீழ திரும்புற அந்தக் கணம். இஞ்ச வளந்த பெடியள் எல்லாரும் முதல் பிடிச்சது கிரிக்கெற் பற், மிட்விக்கெற்றுக்கு மேலால தூக்கி அடிக்கிற பழக்கம் ஊறிப்போய் இருக்கு, அதில வலத்தோளும் வலக்கையும்தான் முதல் வெளிக்கிடும். கொல்ஃபில அதே வேலையைச் செய்தா தோள் முன்னுக்குச் சுழண்டு, கை வெளிப்பக்கம் தள்ளுப்பட்டு, கிளப் சரிவுக்கு மேலால வந்து பந்தை வெட்டும். கொல்ஃபில கீழ இறங்கிறது காலில இருந்துதான் தொடங்கவேணும், பாரம் இடக்காலுக்கு மாறுது, இடுப்பு திறக்கத் தொடங்குது, அந்த நேரம் முதுகு இன்னும் குறியைப் பாத்துக்கொண்டே நிக்குது, கை சும்மா கீழ விழுது. சொல்ல லேசு, செய்யேக்க உடம்பு கேக்காது, அதால மூண்டு ட்ரில் சொல்லுறன், இந்த ஒழுங்கிலயே செய்யுங்கோ.

முதலாவது பந்து இல்லாமல். மேல வரைக்கும் எடுங்கோ, இடக்காலில பாரத்தைப் போட்டுக்கொண்டு கையை இடுப்பு உயரம் வரைக்கும் இறக்கி நிப்பாட்டுங்கோ, வலமுழங்கை விலாவுக்குக் கிட்ட வந்திருக்கவேணும், கிளப்பின்ர தலை கைக்கு வெளியால நிக்கக் கூடாது. திருப்பி மேல போங்கோ, திருப்பி இறக்குங்கோ, மூண்டாம் தரம் நிப்பாட்டாமல் அடிச்சு முடியுங்கோ. ஆறுதலா. இது பிடிபட்ட பிறகு இதையே பந்தோட, பாதி வேகத்தில.

ரெண்டாவது, வலக்காலை ஒரு அடி பின்னுக்கு இழுத்து வச்சிட்டு அடிக்கிறது. பாதம் அப்பிடி இருந்தா தோள் முன்னுக்குப் பாயிறது கஷ்டம், கிளப் தானா உள்ளுக்கால வரும். பந்து வலப்பக்கம் வெளிக்கிட்டா பயப்பிடாதேங்கோ, அதுதான் வேணும், இவ்வளவு நாளும் மற்றப் பக்கம் போனதைத் திருப்பிறதெண்டால் கொஞ்சம் கூடத் தள்ளித்தான் கொண்டு வரவேணும்.

மூண்டாவது பொச்சு. பந்துக்கு ஒரு சாண் பின்னால, உங்களுக்கு அங்காலப் பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு தேங்காய்ப் பொச்சை வையுங்கோ. மேலால வந்தா பொச்சு பறக்கும், சரியா வந்தா பொச்சு அசையாது. கல்லோ கட்டையோ வைக்கக் கூடாது, கிளப்பும் போகும் மணிக்கட்டும் போகும். பிள்ளையளை முன்னுக்கு நிக்க விடாதேங்கோ, பொச்சும் தூரப் போகும். முழு வேகத்துக்கு அவசரப்படாமல் பாதிச் சுவிங்கில தொடங்கி, பொச்சு அசையாமல் அஞ்சு தரம் வந்தா கொஞ்சம் வேகத்தைக் கூட்டுங்கோ, திருப்பிப் பட்டா திருப்பிக் குறையுங்கோ.

கிளப் உள்ளுக்கால கனக்க வாற ஆக்களுக்கு இதெல்லாம் செய்யக் கூடாது, செய்தா வருத்தம் கூடும். அவையளுக்கு இடுப்பு கனக்க வேகமாச் சுழண்டு கை பின்னால மாட்டுப்படுறது, இல்லாட்டி இடுப்பு பந்தை நோக்கி முன்னுக்கு வந்து உடம்பு நிமிர்றதுதான் காரணமா இருக்கும். நிமிர்றதுக்கு மதில் உதவும், ரெண்டு பிட்டமும் மதிலில லேசாப் படுற மாதிரி நிண்டு, கிளப் இல்லாமல் ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சுச் சுழலுங்கோ, மேல போகேக்க வலப்பக்கம் பட்டுக்கொண்டு, கீழ வரேக்க இடப்பக்கம் பட்டுக்கொண்டு இருக்கவேணும், மதிலை விட்டு விலகினா நிமிர்றீங்கள். துவாய் ஒண்டை ரெண்டு கமக்கட்டுக்குள்ளையும் போகுமாப் போல நெஞ்சுக்குக் குறுக்கால பிடிச்சுக்கொண்டு பாதிச் சுவிங் அடிச்சா கையும் உடம்பும் ஒண்டாச் சுத்தப் பழகும். இவையளுக்குப் பொச்சை மாத்தி வைக்கவேணும், பந்துக்கு ரெண்டு சாண் பின்னால, உங்கட பக்கம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாத் தள்ளி.

எல்லாத்தையும் ஒரே நாளில செய்யாதேங்கோ. ஒரு கிழமைக்கு ஒரு பிழை, ஒரு ட்ரில், ஏழாம் நம்பர் அயன் மட்டும், நாளுக்குப் பதினைஞ்சு இருவது நிமிஷம் எண்டாக் காணும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வெயிலுக்குள்ள நிண்டு கையில கொப்புளம் வாற வரைக்கும் அடிக்கிறதைவிட அது எவ்வளவோ மேல். ட்ரைவரைக் கடைசியில எடுங்கோ, நீளம் கூட எண்டதால சின்னப் பிழையையும் பெருப்பிச்சுக் காட்டும். கிழமை முடிய அதே இடத்தில போனை வச்சு வீடியோ எடுத்துப் பழையதோட பக்கத்தில வச்சுப் பாருங்கோ. மணல் உள்ள வளவெண்டால் குறிக்கு நேர ஒரு கோடு கீறி, பந்து இல்லாமல் அந்தக் கோட்டில மணலை வெட்டுங்கோ, வெட்டின தழும்பு இடப்பக்கம் சரிஞ்சு போகுதோ கோட்டோட போகுதோ எண்டு உடனயே தெரியும்.

வெளிநாட்டு ஆள் விட்டிட்டுப் போன கிளப் உங்கட உயரத்துக்குப் பொருந்தாட்டி அதுவும் பிளேனைக் கெடுக்கும். கிளப்பை நிலத்தில வச்சுப் பாக்கேக்க நுனி கனக்கத் தூக்கிக்கொண்டு நிண்டா பந்து இடப்பக்கம் வெளிக்கிடப் பாக்கும், குதி தூக்கினா வலப்பக்கம். கட்டையான ஆக்கள் நீளக் கிளப்பை ஒரு இஞ்சி கீழ இறக்கிப் பிடிச்சாலே பாதி சரி வந்திடும்.

கடைசியா ஒரு விஷயம், எங்கட ஊர் மட்டமான ஊர், நீங்கள் பழகிறது முழுக்க மட்ட நிலத்தில. 1889இல தொடங்கின நுவரெலியாக் கோர்ஸுக்கோ திகனவுக்கோ ஒரு நாள் போனீங்களெண்டால் நிலம் ஏறி இறங்கித்தான் கிடக்கும். பந்து பாதத்தைவிட உயரத்தில இருந்தா பிளேன் தானாப் படுத்துப் போகும், பந்து இடப்பக்கம் போகப் பாக்கும், அதால கிளப்பைக் கட்டையாப் பிடிச்சு, குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் வையுங்கோ. பந்து பாதத்தைவிடப் பள்ளத்தில இருந்தா பிளேன் செங்குத்தாகும், பந்து வலப்பக்கம் போகப் பாக்கும், இடுப்பில இருந்து இன்னும் கொஞ்சம் குனிஞ்சு, குறியை இடப்பக்கம் வச்சு, முக்கால் வேகத்தில அடியுங்கோ. இதைப் பழக எங்களிட்ட இருக்கிறது வாய்க்கால் கரை. குளக்கட்டில வேண்டாம், அதைக் கொத்திப் பழுதாக்கினா ஊருக்கே நட்டம். வாய்க்கால் கரைச் சரிவில பந்து இல்லாமல், நிலத்தில முட்டாமல், மேட்டைப் பாத்து நிண்டு பத்துச் சுவிங், பள்ளத்தைப் பாத்து நிண்டு பத்துச் சுவிங் போட்டுப் பாருங்கோ, சரிவு எப்பிடி மாறுதெண்டு காலுக்கே தெரியும்.